அடிப்பூச்சு

புருல்சா அந்தக் கட்டடத்துக்குள் போனது பழைய வால்பேப்பர் சுருள்களை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பி வருவதற்காகத்தான். கரகோல் ஊர்ச் சந்தையில் இரும்புக் கண்டெய்னர்களை அடுக்கிக் கடையாக்கியிருக்கும் வரிசையில் அவளுடையது வால்பேப்பர் கடை. கலாசார மன்றத்தில் புதிதாக ஒரு வகுப்பு தொடங்கப்போகிறது, விற்காமல் கிடக்கும் துண்டுகள் இருந்தால் கொடுங்கள் என்று அங்கே வேலை பார்க்கும் பெரிசாத் கேட்டிருந்தாள். விற்காதவை புருல்சாவிடம் நிறையவே இருந்தன. மூங்கில் போட்டது, ரோஜாப்பூ போட்டது, வாங்கி வந்த நாளிலிருந்து ஒருவர்கூட நின்று பார்க்காத ஊதா வட்டம் போட்டது. எல்லாவற்றையும் சறுக்குவண்டியில் கட்டிப் பனியில் இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

உள்ளே நிலக்கரி அடுப்பைச் சுற்றி நாடகக் கொட்டகை நாற்காலிகளில் பத்துப் பதினைந்து பேர் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்கள். பெரிசாத் சுருள்களைப் பார்க்கவில்லை, புருல்சாவைத்தான் பார்த்தாள்.

"அக்கா, போயிடாதீங்க. ஆள் ஒத்தைப்படையா இருக்கு. ஜோடி சேரலைன்னா வகுப்பையே நடத்த முடியாது."

"எனக்கு வரையத் தெரியாது தங்கச்சி. ஸ்கூல்ல குதிரை வரைஞ்சேன், டீச்சர் நல்ல மேசைன்னாங்க."

"இங்க யாருக்குமே தெரியாது. தெரிஞ்சா ஏன் வகுப்புக்கு வர்றாங்க?"

வெளியே குளிர் எலும்பைக் குடைந்துகொண்டிருந்தது. அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அவள் உட்கார்ந்ததற்கு அதைத் தவிர வேறு காரணம் கிடையாது.

சீட்டுக் குலுக்கிப் போட்டதில் அவளுக்கு ஜோடியாக வந்தவர் மெலிஸ். நகராட்சியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வசந்தம் வந்ததும் ஊரிலுள்ள பாப்ளர் மரங்களுக்கெல்லாம் இடுப்புவரை சுண்ணாம்பு அடிக்கும் கூட்டத்துக்கு மேஸ்திரியாக இருந்தவர். உயரமான மனிதர், சவரம் செய்த சிவந்த முகம், சட்டைக் கழுத்துப் பொத்தான்வரை போட்டிருப்பார். எழுந்து நின்று, கையை மார்பில் வைத்துத் தலை குனிந்தார். மரியாதைக்காரர்தான், பாதகமில்லை என்று புருல்சா நினைத்துக்கொண்டாள்.

பெரிசாத் ஒரு பலகையைத் தூக்கிக் காட்டிப் பாடத்தை ஆரம்பித்தாள்.

"இது ரெண்டு பேர் சேர்ந்து செய்ற படம். ஒட்டலாம், பூசலாம், கிழிக்கலாம், தைக்கலாம். ஆனா முதல் வேலை அடிப்பூச்சு. வெள்ளையைக் கெட்டியா எடுத்து, மேடு பள்ளம் இல்லாம ஒரே சீரா ஆகுறவரைக்கும் பூசணும். ஒரு இடம் வித்தியாசமாத் தெரிஞ்சாலும் மறுபடி பூசுங்க. அடி சரியில்லைன்னா மேல நீங்க எதைச் செஞ்சாலும் உதிர்ந்துபோயிடும்."

அந்த இடத்தில் மெலிஸின் போன் அடித்தது. அவருடைய பசு கயிற்றை அறுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு வைக்கோலில் இறங்கிவிட்டதாம். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, தொப்பியைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். பெரிசாத் மீதியை இருந்தவர்களுக்குச் சொன்னாள். ஜோடியில் ஒருவர் செவ்வாய்க்கிழமை வருவார், இன்னொருவர் வெள்ளிக்கிழமை. ஒருவர் செய்ததை மற்றவர் பிய்த்து எடுக்கக் கூடாது. படத்தைப் பற்றி வெளியே சந்தித்தாலும் பேசக் கூடாது, கேட்கக் கூடாது, சீட்டு எழுதி வைக்கக் கூடாது. சொல்ல வேண்டியதைப் பலகையிலேயே சொல்லிக்கொள்ள வேண்டும். தலைநகர் பிஷ்கெக்கில் அவள் பயிற்சிக்குப் போயிருந்தபோது அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்களாம். மெலிஸுக்கு வெள்ளிக்கிழமை என்பதையும் பேசக் கூடாது என்பதையும் மட்டும் அப்புறம் போனில் சொல்லிவிட்டாள்.

முதல் செவ்வாய்க்கிழமை புருல்சா அடிப்பூச்சைப் பூசி, அடுப்புப் பக்கம் வைத்துக் காயவிட்டு, வால்பேப்பரைக் கத்தரித்தாள். ஊதா வட்டத்தை வெட்டி மலையாக்கினாள். மூங்கில் பச்சையை அடியில் ஒட்டிப் புல்வெளியாக்கினாள். ரோஜாக்களைத் தனித்தனியாக வெட்டி ஏரியில் மிதக்கவிட்டாள். ஏரியில் ரோஜா எதற்கு என்று அவளுக்கே தெரியவில்லை. ஆனால் முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தாள், கதவுவரை போய்த் திரும்பி வந்து இன்னொரு தடவை பார்த்தாள். வீட்டுக்குப் போய்க் கணவன் ஷாயிலோபெக்கிடம், "ஒரு ஏரி பண்ணியிருக்கேன்" என்றாள். லாரி ஓட்டி முதுகு போய்க் குளிர்காலம் முழுவதும் சோபாவில் படுத்திருக்கும் அவன், "நல்லது, டீ போடு" என்றான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை போனபோது பலகை வெள்ளையாக இருந்தது.

மலையில்லை, ஏரியில்லை. ஓர் ஓரத்தில்கூட ரோஜா எட்டிப் பார்க்கவில்லை. சவரம் செய்த முகம் போல மழமழவென்று வெள்ளை. புருல்சா அது வேறு யாருடைய பலகையோ என்று பின்னால் திருப்பிப் பார்த்தாள். அவளுடைய பெயரும் மெலிஸுடைய பெயரும்தான் இருந்தன.

"இது என்ன தங்கச்சி?"

பெரிசாத் பலகைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். "மௌனம்" என்றாள். "அவர் உங்களுக்கு மௌனத்தைப் பதிலா குடுத்திருக்காரு. எவ்வளவு ஆழமான ஆளு பாருங்க."

"ஆழத்துல என் ஏரி போயிடுச்சே."

"பேசக் கூடாதுக்கா. பலகையில சொல்லுங்க."

புருல்சா பலகையில் சொன்னாள். இந்தத் தடவை கருஞ்சிவப்புக் காகிதம், அதற்கு மேலே தங்கக் கோடு போட்டது, வெள்ளையால் லேசில் மறைக்க முடியாதபடி. வெள்ளிக்கிழமை தாண்டிப் போய்ப் பார்த்தபோது மெலிஸ் இரண்டு கை பூசியிருந்தார். சிவப்பு தெரிந்துவிடக் கூடாதே என்று ஓரங்களில் மூன்றாவது கையும் விழுந்திருந்தது.

அன்று வீட்டில் அடுப்படிப் பாத்திரங்கள் எல்லாம் கொஞ்சம் சத்தமாகவே புழங்கின.

"அந்த ஆளுக்குக் கண்ணுல படுறதெல்லாம் மரம். சுண்ணாம்பு அடிச்சே பழகின கை. பொண்டாட்டியை எப்படி விட்டுவெச்சான்னு தெரியல."

"விட்டுட்டு வந்துடேன்" என்றான் ஷாயிலோபெக்.

"நானா? நான் எதுக்கு விடணும்?"

அவளே எதிர்பார்க்காத ஒன்று நடந்திருந்தது. காலையில் கடையைத் திறக்கும்போதே செவ்வாய்க்கிழமைக்கு என்ன ஒட்டலாம் என்று யோசிக்கத் தொடங்கியிருந்தாள். வாடிக்கையாளர் கூடத்துக்கு நிறம் கேட்டால், "இது மேல வெள்ளை அடிச்சா மறையுமா, மறையாதா?" என்று அவள் திருப்பிக் கேட்டாள். காகிதம் மறைந்துவிடுகிறது, சரி. தடிமனானது மறையாதல்லவா? கம்பளித் துண்டுகளை ஒட்டினாள். பிறகு கோட்டுப் பொத்தான்கள். பிறகு பிள்ளைகள் விளையாடும் ஆட்டு மூட்டெலும்புகளை ஒரு பை நிறைய. வெள்ளிக்கிழமைதோறும் மெலிஸ் வந்தார், சின்னத் தூரிகையை எடுத்து ஒவ்வொரு எலும்பின் இடுக்கிலும் விட்டுப் பூசினார், எலும்புகளுக்கு நடுவே இருந்த பள்ளங்களையெல்லாம் வெள்ளைக் களிம்பால் நிரப்பி மட்டமாக்கிவிட்டுப் போனார்.

தேநீர்ப்பானை மூடி ஒட்டினாள். வெள்ளையானது. உடைந்த குழாய், கதவுக் கைப்பிடி, சாவிக்கொத்து. எல்லாம் வெள்ளையானது. கண்ணாடி ஒன்றைக் கொண்டு வந்து, அவருடைய முகம் அவருக்கே தெரியட்டும் என்று நடுவில் ஒட்டினாள். அதையும் பூசியிருந்தார். அதில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் பூசியிருக்க வேண்டும் என்று நினைத்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"என் தொப்பி எங்கே?" என்று ஒருநாள் ஷாயிலோபெக் கேட்டான்.

"கலைக்குப் போயிருக்கு."

"அது வெள்ளைக் கம்பளித் தொப்பியாச்சே."

"அதான். ஏற்கெனவே வெள்ளையா இருக்கே, என்ன பண்றான்னு பார்ப்போம்னு வெச்சேன்."

மெலிஸ் வெள்ளைத் தொப்பிக்கும் வெள்ளையடித்தார். அதன் கறுப்புக் கரையை மறைக்க மட்டும் தனியாக ஒரு கை.

அதற்குப் பிறகுதான் புருல்சா ரேடியோவைக் கொண்டு போனாள். கடையில் வைத்துப் பாட்டுக் கேட்கும் சின்ன ரேடியோ. பாட்டரி போட்டு, ஓடவிட்டு, அப்படியே ஒட்டினாள். சத்தத்துக்கு எப்படி வெள்ளையடிப்பான் என்பது அவளுடைய கேள்வி. அடுத்த வாரம் வெள்ளைப் பலகைக்குள்ளிருந்து ஓர் ஆள் கம்மிய குரலில் மலைக் கணவாய்களில் பனிச்சரிவு அபாயம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். பெரிசாத் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"மௌனத்துக்குள்ள ஒரு குரல்" என்றாள். "அக்கா, நீங்க ரெண்டு பேரும் எங்கேயோ போயிட்டீங்க. மத்தவங்க இன்னும் பூவும் குதிரையும் ஒட்டிட்டு இருக்காங்க."

பலகை இப்போது பலகையாக இல்லை. மெத்தை மாதிரி உப்பியிருந்தது. அதை நிறுத்தியிருந்த மரத்தாங்கி முறிந்துபோய் மேசைக்கு மாறியது, மேசை ஆட ஆரம்பித்ததும் மேடைக்கு மாறியது. நாலு பேர் பிடித்தால்தான் நகரும்.

சந்தையில் ஒருநாள் மெலிஸ் எதிரே வந்தார். கத்தரிக்கப்பட்ட ஆட்டுக்கு எதிரே கத்திரிக்கோல் வந்த மாதிரி இருந்தது புருல்சாவுக்கு. அவர் தொப்பியை எடுத்துவிட்டுக் கையை மார்பில் வைத்தார்.

"நல்லா இருக்கீங்களா? வீட்ல எல்லாரும் சௌக்கியமா?"

"இருக்கோம். உங்களுக்குத்தான் வேலை நிறைய போலிருக்கு."

"வேலை நிறையத்தான். ஆனா சந்தோஷமான வேலை." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பேசக் கூடாதுன்னு விதி, அதனால ஒண்ணும் சொல்லல. ஆனா ஒண்ணு. விடாதீங்க. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பலகை மேல மூடியிருக்கிற துணியை எடுத்துப் பார்க்கறப்போ, அடேயப்பா, இந்த அம்மா விடமாட்டாங்கன்னு நினைச்சுக்குவேன்."

"விடமாட்டேன்" என்றாள் புருல்சா, பல்லைக் கடித்துக்கொண்டு.

"நானும்தான்" என்றார் அவர் மலர்ந்த முகத்தோடு, கோட்டுப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். அவர் மனைவி உருட்டிக் காயவைத்த உப்புத் தயிர் உருண்டைகள். புருல்சா வாங்கிக்கொண்டாள். கடைக்குப் போய்ப் பிரித்துப் பார்த்தாள். உருண்டை உருண்டையாக, வெள்ளை வெளேரென்று. கிண்டல் செய்வதற்கு இத்தனை சிரமப்படும் ஓர் ஆளை அவள் வாழ்க்கையில் பார்த்ததில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை அந்த உருண்டைகளை ஒன்றுவிடாமல் பலகையில் ஒட்டினாள். ருசி பார்க்க ஒன்றைக் கடித்தாள், நன்றாகத்தான் இருந்தது. அதுவும் சேர்ந்து கோபத்தைக் கிளப்பியது.

வசந்தப் புத்தாண்டான நவ்ரூஸ் திருநாளுக்குக் கலாசார மன்றத்தில் எல்லாருடைய படங்களையும் வைத்துக் கண்காட்சி என்று முடிவானது. துணை மேயர் துராத்பெக் திறந்து வைப்பார். புருல்சா கணக்குப் போட்டாள். கடைசி வெள்ளிக்கிழமை முடிந்துவிட்டால் மெலிஸுக்கு முறை கிடையாது. திருநாள் காலையில் ஊர் முழுக்க முற்றத்தில் கொப்பரை வைத்துக் கோதுமை முளைக் கூழைக் கிண்டிக்கொண்டிருக்கும்போது, அவள் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் குளியல் தொட்டியோடு கலாசார மன்றத்துக்குப் போனாள். குழந்தைகளைக் குளிப்பாட்டும் அளவுள்ள தொட்டி. சிவப்பு என்றால் கண்ணைக் குத்தும் சிவப்பு. பக்கத்துக் கடையில் தரை ஓடு ஒட்டும் பசையை வாங்கி, வாளியோடு கவிழ்த்து, தொட்டியைப் படத்தின் நடுவில் வைத்து முழங்காலால் அழுத்தினாள். பசை நாலாபக்கமும் பிதுங்கித் தொட்டியின் விளிம்புவரை ஏறியது. மன்றத்துக் காவல்காரர் கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது என்னம்மா?"

"பதில்" என்றாள் புருல்சா, வீட்டுக்குப் போய் நல்ல உடை மாற்றிக்கொள்ளக் கிளம்பினாள்.

அவள் திரும்பி வந்தபோது மண்டபம் நிறைந்திருந்தது. ஆட்கள் முறுக்கு போலப் பொரித்த ரொட்டித் துண்டுகளைத் தட்டில் வைத்துக்கொண்டு படம் படமாகப் பார்த்துக்கொண்டு போனார்கள். அவள் தலையை உயர்த்திக்கொண்டு மேடையைப் பார்த்தாள்.

தொட்டி வெள்ளையாக இருந்தது.

ஈரம் பளபளத்தது. மேடையோரத்தில் மெலிஸ் நல்ல கோட்டுப் போட்டு நின்றிருந்தார், விரல் நகங்களில் வெள்ளை. புருல்சாவைப் பார்த்ததும் மூச்சு வாங்கிக்கொண்டே தலையசைத்தார், நல்லவேளை நேரத்தோடு வந்து பார்த்தேன் என்பது போல. அவள் அந்த இடத்தில் மயங்கி விழாததற்குக் காரணம், விழுந்தால் அவர்தான் வந்து தூக்குவார் என்பது.

துராத்பெக் வாட்டசாட்டமான ஆள், புதுச் சாம்பல் நிறக் கோட்டு. மற்றப் படங்களின் முன்னால் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வந்தவர் இதன் முன்னால் நின்றுவிட்டார். வெள்ளைக்குள்ளிருந்து ரேடியோ ஆட்டு விலை சொல்லிக்கொண்டிருந்தது.

"இது என்ன, பனிமலையா?"

"ஒரு உரையாடல்" என்றாள் பெரிசாத்.

"நல்லா இருக்கு. பெரிசா இருக்கு" என்றார் அவர். இரண்டும் அவருக்கு ஒன்றுதான் போலிருந்தது. படமெடுப்பவர் கையசைத்ததும், தோரணையாக இருக்கட்டும் என்று தோளைச் சாய்த்து, முழங்கையைத் தொட்டியின் விளிம்பில் ஊன்றி நின்றார். புருல்சா வாயைத் திறந்தாள். அதற்குள் கேமரா மின்னிவிட்டது.

படமெடுத்து முடிந்தது. துராத்பெக் நகர முயன்றார். நகரவில்லை. மறுபடி முயன்றபோது படமும் ஒரு விரற்கடை முன்னால் வந்தது.

"யாரோட பசை இது?" என்று அவர் மெல்லிய குரலில் கேட்டார்.

"என்னோடது" என்றாள் புருல்சா, முன்னால் வந்து. "தரை ஓட்டுப் பசை."

"யாரோட பெயிண்ட்?"

"என்னோடது" என்றார் மெலிஸ். "ஆனா ஐயா கவலைப்படாதீங்க. இது இன்னும் அடிப்பூச்சுதான். படம் ஆரம்பிச்சதும் இதெல்லாம் சரியாயிடும்."

புருல்சா அவரைத் திரும்பிப் பார்த்தாள். "எது ஆரம்பிச்சதும்?"

"படம்."

"படம் இன்னும் ஆரம்பிக்கலையா?"

"எப்படி ஆரம்பிக்கிறது? ஒரே சீரா வரணும்னு பெரிசாத் முதல் நாளே சொன்னாளே. ஒரு இடம் வித்தியாசமாத் தெரிஞ்சாலும் மறுபடி பூசணும்னு. நீங்க அடிக்குப் பலம் குடுக்க ஒவ்வொரு வாரமும் ஏதாவது வெச்சுட்டுப் போறீங்க, நான் அதை மட்டம் பண்ணிக்கிட்டிருக்கேன்."

"பலமா?"

"பின்னே? எலும்பு, இரும்பு, கம்பளி. நாங்க சாலையோரச் சுவர் கட்டறப்போ உள்ளே போடுற மாதிரி. வீட்ல என் பொண்டாட்டிகிட்ட சொல்லாத நாளில்ல. மத்தவங்கல்லாம் அவசரக்காரங்க, ஒரே நாள்ல பூச்சு முடிச்சுட்டுப் பூவை ஒட்டிட்டாங்க, எல்லாம் உதிரப்போகுது. என் ஜோடி அம்மா அப்படியில்ல, அடித்தளம்னா அடித்தளம்னு."

புருல்சாவின் கைகள் துராத்பெக்கின் ஒட்டாத தோளைப் பிடித்துக்கொண்டன, கீழே உட்கார்ந்துவிடாமலிருக்க. "நான் ஏரி பண்ணியிருந்தேன்" என்றாள். "ரோஜாப்பூ வெச்ச ஏரி. நீங்க வெள்ளையடிச்சீங்க."

"அது ஏரியா?" மெலிஸின் சிவந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது. "நான் ஓட்டைகளை வால்பேப்பர் வெச்சு அடைச்சிருக்கீங்கன்னு நினைச்சேன்."

"பலகையில ஏதுங்க ஓட்டை?"

"இருக்குமோன்னு உங்களுக்குச் சந்தேகம், அதான் கவனமா இருக்கீங்கன்னு."

"ரேடியோ? ரேடியோ எதுக்குன்னு நினைச்சீங்க?"

அவர் யோசித்தார். "அது மட்டும் எனக்குப் புரியலதான். ஆனா உங்களுக்குத் தெரியாமலா செய்வீங்கன்னு விட்டுட்டேன்."

"மன்னிக்கணும்" என்றார் இருவருக்கும் நடுவில் மாட்டியிருந்த துராத்பெக். "இந்த அம்மா சொல்றது நியாயமாப் படுது. ஆனா இவரும் பொய் சொல்றவரா தெரியல. நான் இதைத் தீர்த்து வைக்கத் தயார். முதல்ல என்னை எடுங்க."

பெரிசாத்துக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "ஒட்டினதைப் பிய்க்கக் கூடாதுன்னு விதி" என்றாள்.

"நான் துணை மேயர் தங்கச்சி. ஆட்டு எலும்பில்ல."

கோட்டை விட்டு ஆளை மட்டும் எடுப்பது என்று முடிவானது. மெலிஸ் ஒரு பக்கமும் புருல்சா மறு பக்கமும் பிடித்து, பிள்ளைக்குச் சட்டை கழற்றுவது போலக் ஒவ்வொரு கையாக உருவி எடுத்தார்கள். துராத்பெக் சட்டையோடு வெளியே வந்தார், தலைமுடியில் மட்டும் கொஞ்சம் வெள்ளை. கோட்டு தொட்டியைக் கட்டிப்பிடித்தபடி அங்கேயே இருந்தது. அப்போது கோட்டின் உள்பையில் போன் அடித்தது. பசைக்குள் மாட்டிய பக்கம் அது. கையை விட்டால் விரல்தான் ஒட்டும். மெலிஸ் துணிக்கு மேலாகவே தடவிப் பார்த்து ஒரு பொத்தானை அழுத்தினார்.

"எங்கே இருக்கீங்க? கூழ் ஆறிப்போகுது" என்றது படம், ஒரு பெண் குரலில்.

துராத்பெக் படத்துக்குக் கிட்டே குனிந்தார். "வந்துட்டே இருக்கேன். கோட்டு இல்லாம வருவேன், பயந்துடாதே."

"ஏன் கோட்டு இல்லை?"

"வந்து சொல்றேன்."

"அங்கே யாரோ ஆட்டு விலை சொல்றாங்களே, யாரு அது?"

"அதுவும் வந்து சொல்றேன்."

பின்வரிசையிலிருந்து கைதட்டல் ஆரம்பித்தது. யாரோ ஒருவர், இதுதான் அந்தப் புதுவிதமான கலை போலிருக்கிறது என்று பக்கத்தில் இருப்பவரிடம் விளக்கிக்கொண்டிருந்தார். கைதட்டல் மண்டபம் முழுக்கப் பரவியது. துராத்பெக் சுற்றிலும் பார்த்தார், சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டார், வேறு வழியில்லாமல் குனிந்து வணக்கம் சொன்னார். மெலிஸும் கையை மார்பில் வைத்துக் குனிந்தார். புருல்சா குனியவில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வர, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மேடைப் படியிலேயே உட்கார்ந்து சிரித்தாள். அவளுக்கே தெரியும், அது முழுக்கச் சிரிப்பு மட்டும் இல்லை.

வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னபோது ஷாயிலோபெக் சோபாவில் எழுந்து உட்கார்ந்துவிட்டான். குளிர்காலத்தில் அவன் அப்படி உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை.

"அப்போ அவன் உன்னைப் பகைக்கவே இல்லையா?"

"இல்லை. மரியாதை வெச்சிருந்தான்."

"சே" என்றான் அவன், உண்மையான வருத்தத்தோடு.

அவளுக்கும் அதே வருத்தம்தான். ஒரு குளிர்காலம் முழுவதும் எதிரி ஒருவன் இருக்கிறான் என்று எழுந்து, எதிரிக்காகப் பொருள் தேடி, எதிரியை நினைத்துக்கொண்டே தூங்கியிருக்கிறாள். இத்தனை சுறுசுறுப்பாக அவள் கடைகூட நடத்தியதில்லை. அத்தனையும் ஒரு நல்ல மனிதர் மேல் வீணாகிவிட்டது. கடையில் வால்பேப்பரைச் சுருட்டும்போது கைகள் எதையாவது எடுத்து எதன் மேலாவது ஒட்டத் தவித்தன, ஆனால் யாருக்காக ஒட்டுவது என்று தெரியவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை மெலிஸும் வந்திருந்தார். அது அவருடைய நாளில்லை. படத்தைக் கதவு வழியாக வெளியே கொண்டுபோக முடியாதென்று ஆகிவிட்டதால் அது மேடையிலேயே இருந்தது. நடுவில் சாம்பல் நிறக் கோட்டு. கோட்டின் மேல் ஒரு சொட்டு வெள்ளைகூட இல்லை. ஒரு வாரம் முழுக்க அவர் எப்படிக் கையைக் கட்டிக்கொண்டிருந்தார் என்று புருல்சா ஆச்சரியப்பட்டாள்.

"கை துறுதுறுன்னுதான் இருந்துச்சு" என்று அவரே ஒப்புக்கொண்டார். "துராத்பெக்கை வழியில பார்த்தேன். கோட்டு இருக்கட்டும், ஆனா வெள்ளையடிக்காதீங்கன்னார். வாரத்துக்கு ஒருதடவை வந்து பார்ப்பாராம்."

இருவரும் முன்வரிசை நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். நடுவில் ஒரு நாற்காலி விட்டு.

"அந்த ஏரி" என்றார் மெலிஸ். "மலையும் இருந்துச்சா?"

"இருந்துச்சு. ஊதா."

"எனக்குத் தெரிஞ்சிருக்கணும். மரத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கறப்பவே, ஏதாவது பூச்சி உட்கார்ந்திருந்தா தள்ளிவிட்டுட்டுத்தான் அடிப்பேன்." அவர் தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தார். "இப்ப ஆரம்பிக்கலாமா?"

"ஆரம்பிக்கலாம்."

யாரும் எழுந்திருக்கவில்லை.

"என்ன போடலாம்னு நினைச்சு வெச்சிருந்தீங்க?" என்று அவள் கேட்டாள். "இத்தனை மாசமா பூச்சுப் பூசறப்போ."

"ஒண்ணுமே இல்லீங்க. பூசறதே நல்லா இருந்துச்சு. ஆரம்பிக்கற நாள் வந்தா என்ன பண்றதுன்னு எனக்கு உள்ளுக்குள்ள ஒரே பயம். நீங்க மறுபடி ஏதாவது ஒட்டியிருந்தா அப்பாடான்னு இருக்கும்."

புருல்சா பெயிண்ட் டப்பாக்களைப் பார்த்தாள். "பச்சை போடுவோம்."

"எடுத்தவுடனேயே பச்சையா?"

"ஏன், பச்சைக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. கொஞ்சம் பொறுத்து வரட்டுமே. மஞ்சள் வேணா பார்க்கலாம், சின்னதா."

"சின்னதா எதுக்கு? இவ்வளவு பெரிய சாமானுக்கு ஒரு துளி மஞ்சளா? கொசு உட்கார்ந்த மாதிரி இருக்கும்."

"பச்சையைக் கொட்டினா மாடு மேய வந்த மாதிரி இருக்கும்."

"மாடு உங்க வீட்டு மாடுதானே, வரட்டும்."

பெரிசாத் பின்பக்கத்திலிருந்து ஓடி வந்தாள். "அக்கா, அண்ணே, பேசக் கூடாது. பேசாம செய்யறதுதான் இதோட அடிப்படையே."

இருவரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள்.

"நீ சும்மா இரும்மா" என்றார் மெலிஸ், அவர் வாழ்க்கையில் யாரிடமும் அப்படிப் பேசியிருக்க மாட்டார்.

"அடிப்பூச்சுன்னு சொன்னியே, அது எப்ப முடியும்னு சொன்னியா நீ?" என்றாள் புருல்சா.

பெரிசாத் போய் அடுப்பில் கரி போட்டாள். மெலிஸ் மஞ்சள் டப்பாவைத் திறந்தார். திறந்துவிட்டு வெள்ளை டப்பா இருந்த பக்கம் அவருடைய கண் ஒருமுறை போய் வந்தது. புருல்சா எழுந்துபோய் அந்த டப்பாவை எடுத்துத் தன் நாற்காலிக்கு அடியில் வைத்துக்கொண்டாள். அவர் தூரிகையை மஞ்சளில் தோய்த்து, படத்துக்கு எதிரே நின்று, கோட்டுக்கும் ஷாயிலோபெக்கின் தொப்பி புதைந்திருந்த மேட்டுக்கும் நடுவே ஓர் இடத்தில் நீட்டினார்.

"இங்கேயா?"

"இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம்" என்றாள் புருல்சா.